எட்டு என்று எழுதிய ஐந்தரை மணித்தியாலம்

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். என் கையெழுத்து கோழி கிளறிய மண் மாதிரி இருக்கும். ஐந்தாம் வகுப்போடு நின்றவன். சின்ன ர எங்கே, பெரிய ற எங்கே என்பது எனக்கு இன்றைக்கும் குத்துமதிப்புதான். இதைத் தட்டச்சு செய்யும் தங்கச்சி எழுத்துப் பிழைகளைத் திருத்திக்கொள்ளட்டும். மணித்தியாலக் கணக்குகளில் மட்டும் கைவைக்க வேண்டாம். அவை சரியாக இருக்கின்றன.

தம்பிமாரே, தங்கச்சிமாரே, போன மாதம் எனக்குப் பிரியாவிடை வைத்தீர்கள். முழங்கால் இனிமேல் வாய்க்கால் கரை ஏறாது என்று டொக்டர் சொன்னதால் ஐம்பத்து நான்கு வயதிலேயே விலகினேன். பேசச் சொன்னீர்கள். எழுந்து நின்று, "எல்லாருக்கும் நன்றி" என்று சொல்லிவிட்டு, தட்டிலிருந்து ரோல்ஸ் ஒன்றை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். நாலு பேர் முகத்தைப் பார்த்துப் பேச எனக்கு எப்போதுமே வராது. அன்று போகும்போது, இப்போது திட்டமிடல் பிரிவுக்குப் பொறுப்பாக இருப்பவர் வாசலில் என்னை நிறுத்தினார். நாம் எல்லாரும் அவரை மிஸ் என்றே கூப்பிடுவதால் இங்கேயும் அப்படியே எழுதுகிறேன்.

"அண்ணே, பேச வராட்டி எழுதித் தாங்க. வில்கமுவ வாய்க்கால் கதைய இந்தப் பிள்ளைங்க தெரிஞ்சுக்கணும்" என்றார்.

"அது நான் செஞ்ச தப்புங்களே மிஸ்."

"அதுக்காகத்தான் கேக்குறேன்."

எனவே எழுதுகிறேன்.

எண்பத்துமூன்று வன்செயலுக்குப் பிறகு தேயிலைத் தோட்டத்தை விட்டு மாத்தளை டவுனுக்கு வந்து, இந்தக் கட்டட ஒப்பந்தக் கம்பெனியில் கல் சுமக்கச் சேர்ந்தேன். பிறகு ஆள் கணக்கு எழுதும் வேலை கிடைத்தது. யார் யார் எங்கே வேலை, எத்தனை மணித்தியாலம் என்று நாள்தோறும் ஒரு தாளில் நிரப்பி ஒபிஸுக்கு அனுப்ப வேண்டும். பல வருடம் அந்தத் தாளை யாரும் பார்த்ததாகத் தெரியவில்லை. கட்டுக் கட்டாக அலுமாரிக்குமேல் கிடந்தது. கரப்பான்பூச்சிகள் மட்டும் ஒழுங்காகப் படித்தன.

தொண்ணூறுகளின் கடைசியில் கொம்பியூட்டரும் அதோடு மிஸ்ஸும் வந்தார்கள். அவருக்கு அப்போது இருபத்திரண்டு வயது இருக்கும். அந்தப் பெட்டிக்குள் வேலைத்திட்டம் முழுவதும் கோடு கோடாக இருந்தது. ஒவ்வொரு கோடும் ஒரு வேலை. கோட்டைத் தட்டினால் அந்த வேலைக்கு யார் யார், ஒருவருக்கு நாளொன்றுக்கு எத்தனை மணித்தியாலம் என்று வரும். என் தாளில் உள்ள எண்களை மிஸ் அதற்குள் ஏற்றுவார். திட்டம் சொன்ன மணித்தியாலமும் உண்மையில் செலவான மணித்தியாலமும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும்.

வந்த இரண்டாவது வாரமே என்னைக் கூப்பிட்டார். மேசன் வேலையில் கெட்டிக்காரரான பெருமாள் அண்ணனுடைய பெயர் திரையில் சிவப்பாக இருந்தது.

"அண்ணே, பெருமாள் அண்ணனுக்கு ரெண்டு உடம்பா?"

"இல்லைங்களே மிஸ். ஏன்?"

"வாற செவ்வாய்க்கிழமை வஹகோட்டையில எட்டு மணித்தியாலம் மதில் கட்டுறாரு. அதே செவ்வாய்க்கிழமை நாலந்தாவுல எட்டு மணித்தியாலம் மதகு கட்டுறாரு."

இரண்டு இடத்துக்கும் அவர் வேண்டும் என்று இரண்டு மேற்பார்வையாளர்கள் கேட்டிருந்தார்கள். இருவருக்கும் தலையாட்டியவன் நான்தான். முன்பென்றால் செவ்வாய்க்கிழமை காலையில் ஒரு இடத்தில் ஆள் இல்லாமல் சண்டை வந்த பிறகுதான் தெரியும். பெட்டி ஐந்து நாள் முன்னதாகச் சொல்லிவிட்டது. பெருமாள் அண்ணனிடம் சொன்னேன். "ஒத்த உடம்புக்குச் சோறு போடவே என் வீட்டுக்காரி மூஞ்சியச் சுழிக்கிறா. ரெண்டாவது உடம்பு இருக்குன்னு அவகிட்ட சொல்லிறாதீங்க" என்றார்.

அன்றிலிருந்து அந்தப் பெட்டிமேல் எனக்கு மரியாதை வந்துவிட்டது. என்னுடைய பிழை எதுவானாலும் சிவப்பாக்கிக் காட்டிவிடும் என்று நம்பினேன். அந்த நம்பிக்கைதான் என்னைக் கெடுத்தது. பதினாறு என்று எழுதினால் சிவப்பாகும். எட்டு என்று எழுதிய பொய் சிவப்பாகாது.

இப்போது வில்கமுவவுக்கு வருகிறேன்.

அங்கே இருநூற்று நாற்பது மீற்றர் வாய்க்காலுக்குக் கொங்கிரீட் போடும் வேலை. சிறுபோக நெல் சாகுபடிக்கு எந்த நாளில் தண்ணீர் திறப்பது என்று விவசாயிகளும் அதிகாரிகளும் கூட்டம் போட்டு முடிவு செய்திருந்தார்கள். அந்த நாள் மாறாது. கீழே வயல்காரர்கள் நாற்றங்காலுக்கு நாள் பார்த்துக் காத்திருந்தார்கள். கடைசிக் கொங்கிரீட் இறுக ஒரு வாரத்தைக் கழித்தால் எங்களுக்கு இருபத்து நான்கு வேலை நாள். பதினான்கு ஆட்கள், தலைக்கு எட்டு மணித்தியாலம், நாளொன்றுக்குப் பத்து மீற்றர். பெட்டியில் கோடு அழகாக விழுந்தது.

பதினான்கு பேரும் மாத்தளைப் பக்கத் தோட்டம் ஒன்றின் ஆட்கள். பாதித் தோட்டம் காடாகிப் போனதால் வெளிவேலைக்கு வந்தவர்கள். பெருமாள் அண்ணன்தான் அவர்களுக்குத் தலைவர். யுத்த காலம் என்பதால் வெளியூரிலிருந்து வந்த ஆட்கள், அதிலும் தமிழர்கள், வாய்க்கால் பக்கம் தங்கக்கூடாது என்று பொலிஸ் சொல்லிவிட்டது. ஆகவே வழியில் இருந்த பொலிஸ் சோதனைச் சாவடிக்கு இந்தப் பக்கம் ஒரு பழைய நெல் களஞ்சியத்தில் தங்கினோம். காலை ஆறரைக்குச் சாவடியில் போய் வரிசையாக நிற்க வேண்டும். ஒவ்வொருவராகப் பெயர், தோட்டம், அடையாள அட்டை. அட்டை இல்லாத நான்கு பேருக்குத் தோட்டத்துரையின் கடிதம். அதை ஒவ்வொரு நாளும் புதிதாகப் பார்ப்பதுபோல் பார்ப்பார்கள். அவர்கள் விட்டபின் நடந்துபோய், மண்வெட்டியைக் கையில் எடுக்க ஒன்பதே கால். பிற்பகல் நான்கரைக்கு முன் திரும்பிச் சாவடியைக் கடந்துவிட வேண்டும் என்பதால் மூன்றே முக்காலுக்கு வேலையை நிறுத்த வேண்டும். நடுவில் சாப்பாடும் தேநீரும் ஒரு மணித்தியாலம். மீதி ஐந்தரை.

நான் எல்லாருக்கும் எட்டு என்று எழுதினேன்.

ஏன் என்று சொல்ல வேண்டும். தோட்டத்தில் ஒரு நாள் வேலையை ஒரு பேர் என்பார்கள். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் பிந்தி வந்தால் அரைப்பேர். ஒரு தடவை என் தங்கச்சிக்குக் காய்ச்சல் என்று அம்மா கால் மணித்தியாலம் பிந்திப் போனார். அதற்குப் பிறகு பொழுது சாயும்வரை மற்றவர்களோடு சமமாகக் கொழுந்து எடுத்தார். கணக்கப்பிள்ளை அரைப்பேர்தான் போட்டார். அன்று அம்மா அடுப்புப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டே இருந்தார். பேனா என் கைக்கு வந்த நாளில் நான் தீர்மானித்துவிட்டேன், என் கையால் யாருக்கும் அரைப்பேர் விழாது. எங்கள் ஆட்களுக்கு நாட்சம்பளம்தான். எட்டு என்று எழுதினாலும் ஐந்தரை என்று எழுதினாலும் கையில் வருவது ஒன்றே. ஆனால் தமிழ்ப் பெயர்களுக்கு நேரே தினமும் குறைவான எண் நின்றால் ஒபிஸில் என்ன நினைப்பார்கள்? அதை நான் தாங்கமாட்டேன். எட்டு, எட்டு, எட்டு என்று பதினான்கு தடவை எழுதிக் கையெழுத்து வைத்தேன். நல்ல காரியம் செய்கிறேன் என்றே நம்பினேன்.

இரண்டாவது சனிக்கிழமை ஆட்களைப் பெருமாள் அண்ணனிடம் விட்டுவிட்டு முதல் பஸ்ஸில் தாள்களோடு மாத்தளை ஒபிஸுக்குப் போனேன். மிஸ் எண்களை ஏற்றி முடித்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"அண்ணே, பதினொரு நாள்ல நூத்திப்பத்து மீற்றர் முடிஞ்சிருக்கணும். எண்பத்தெட்டுதான் முடிஞ்சிருக்கு."

"மண் கொஞ்சம் கடினங்க மிஸ்."

"மண்ணு திட்டத்துல சொன்ன அதே மண்ணுதான். மணித்தியாலத்தப் பாருங்க. ஒண்ணுகூடக் குறையல. முழு மணித்தியாலமும் வேலை செஞ்சும் இவ்வளவுதான் நடந்திருக்குன்னா, ஆளுங்க மெதுவானவங்கன்னு பெட்டி சொல்லுது."

"மெதுவா? பெருமாள் அண்ணன் ஆளுங்களா?"

"பெட்டிக்குப் பெருமாள் அண்ணனத் தெரியாது. உங்களத்தான் நம்புது. நீங்க எட்டுன்னா அதுக்கு எட்டு." குரலைத் தாழ்த்தினார். "காலையில எத்தன மணிக்கு மண்வெட்டியத் தொடுறாங்க? எனக்கு மட்டும் சொல்லுங்க."

நான் வாய் திறப்பதற்குள் எஞ்சினியர் சேர் உள்ளே வந்தார். நல்ல மனிதர். வில்கமுவவுக்கும் வாரத்துக்கு இரண்டு தடவை வருவார். ஆனால் அவர் ஜீப் பத்து மணிக்கு மேல்தான் சாவடிக்கு வரும். கம்பெனிப் பெயரைப் பார்த்ததும் தடையைத் தூக்கிவிடுவார்கள். காலை வரிசையை அவர் கண்டதே இல்லை. கையில் முதல் வாரக் கணக்கை அச்சடித்த தாள் ஒன்று இருந்தது. எங்களோடு சிங்களத்தில்தான் பேசுவார்.

"செவ்வாய்க்கிழமை வேற ஆட்கள் வாறாங்க. குருநாகல்ல ஒரு குழு பேசியிருக்கேன். உங்க ஆட்கள வீட்டுக்கு அனுப்புங்க. பாவம்தான், ஆனா எனக்குத் தண்ணி திறக்கிற நாள் இருக்கு. இந்த வேகத்துல இவங்கள வேற எந்த வேலைக்கும் போட ஏலாது."

வேற எந்த வேலைக்கும். மாத்தளையில் ஒப்பந்தக்காரர்கள் எல்லாரும் ஒருவரையொருவர் தெரிந்தவர்கள். மெதுவான ஆட்கள் என்று ஒரு தடவை பெயர் விழுந்தால் அந்தப் பதினான்கு பேரும் காடாகிப் போன தோட்டத்துக்குத்தான் திரும்ப வேண்டும். அந்த இடத்திலேயே நான் சொல்லியிருக்க வேண்டும். "சரிங்க சேர்" என்றேன். அந்த இரண்டு சொல்லை நினைத்தால் இன்றைக்கும் காது சுடுகிறது.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை பகல் நெல் களஞ்சியத்துக்குப் போய்ச் சேர்ந்தேன். ஆட்கள் உடுப்புத் துவைத்துக் கயிற்றில் போட்டுக்கொண்டிருந்தார்கள். பெருமாள் அண்ணனைத் தனியாகக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கையிலிருந்த ஈரச் சாரத்தைப் பிழிந்துகொண்டே கேட்டார். நான் சொல்லி முடித்த பிறகும் பிழிந்துகொண்டிருந்தார்.

"அப்ப நாங்க எட்டு மணித்தியாலம் வேலை செஞ்சுதான் எட்டு மீற்றர் போட்டோமாக்கும்?"

"தாள்ல அப்பிடித்தான் இருக்கு."

"அந்தத் தாள எழுதினது யாரு?"

"நான்தான்."

"உங்ககிட்ட யாராச்சும் கேட்டாங்களா? பெருமாளுக்கு ரெண்டரை மணித்தியாலம் தர்மம் போடுங்கன்னு யாராச்சும் கேட்டாங்களா?" அவர் என்னிடம் ஒருநாளும் குரலை உயர்த்தியதில்லை. "வெயில்ல ஒடம்ப முறிச்சு, அஞ்சரை மணித்தியாலத்துல எட்டு மீற்றர் போட்ட மனுசங்கய்யா நாங்க. நீங்க போட்ட எட்டுனால சோம்பேறிப் பயலுகளாகிட்டோம்."

"அரைப்பேர் மாதிரி ஆகிறக்கூடாதுன்னுதான்..."

"அரைப்பேர் போட்ட கணக்கப்பிள்ளை ஒங்க அம்மாவோட அரை நாளைத்தான் எடுத்தான். நீங்க எங்க கைய எடுத்துட்டீங்க."

சாரத்தை உதறிக் கயிற்றில் போட்டுவிட்டு அவரே சொன்னார். "நாங்க ஆறரைக்கெல்லாம் போயி நிக்கிறோம்னு இந்த ஊர்ல எழுதி வச்சிருக்கிறது ஒரே ஆளு. அந்தச் சாவடிக்காரன்."

அவர் வெறுப்பில்தான் சொன்னார். எனக்கு அது வழியாகத் தெரிந்தது. சாவடிப் பதிவுப் புத்தகத்தில் ஒவ்வொருவரும் வந்த நேரம், விட்ட நேரம், திரும்பிய நேரம் எல்லாம் இருக்கிறது. என் ஆட்களின் உண்மையான நேரத்தாள் அதுதான்.

"நான் போய்க் கேக்குறேன்" என்றேன்.

"நீங்களா? சாவடியிலயா?" பெருமாள் அண்ணன் முதல் தடவையாகச் சிரித்தார். "கடையில சில்லறை கொறஞ்சாலே கேக்க மாட்டீங்களே."

போனேன். சாவடியில் பொலிஸ் சார்ஜனும், ஊர்காவல்படையைச் சேர்ந்த சோமபாலவும் இருந்தார்கள். சோமபால அந்த ஊர் விவசாயி. தினமும் எங்கள் பெயர்களை எழுதுபவர் அவர்தான்.

"பதிவுப் புத்தகத்தைப் பாத்து எழுதணுமா?" சார்ஜன் எழுந்தேவிட்டார். "எதுக்கு? யாருக்குக் குடுக்க?"

அந்தக் காலத்தில் ஒரு தமிழன் சாவடி நேரங்களைக் கேட்பது எப்படிப்பட்ட விடயம் என்று உங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. திரும்பி ஓடிவிடலாம் போல இருந்தது. ஓடினால் இன்னும் மோசம். ஐயா என்பதற்கு மாத்தயா என்று போட்டு, இருக்கிற சிங்களத்தில் உள்ளதைச் சொன்னேன்.

"எங்க எஞ்சினியருக்கு, மாத்தயா. நான் தாள்ல பொய் எழுதிட்டேன். உங்க புத்தகத்துலதான் உண்மை இருக்கு."

சார்ஜன் என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார். "சோமபால, கேட்டியா? பொலிஸ் புத்தகத்துலதான் உண்மை இருக்காம். இருபது வருச சேவையில இதைச் சொன்ன மொத ஆள்."

சோமபால சிரிக்கவில்லை. "இவங்கள அனுப்பிட்டா புது ஆட்களும் இதே வரிசையிலதான் நிக்கணும், சேர். வாய்க்கால் முடியாது. அந்த வாய்க்காலுக்குக் கீழதான் என்னோட ரெண்டு ஏக்கர் இருக்கு" என்றார்.

புத்தகத்தை என் கையில் தரவில்லை. எங்கள் ஆட்களின் வரிகளை மட்டும் சோமபால வாசிக்க, நான் எழுதினேன். பன்னிரண்டு நாள், பதினான்கு பேர். வந்த நேரம் என்ற இடத்தில் ஆறரைக்குப் பிந்திய எண் ஒன்றுகூட இல்லை. அதை எழுதும்போது கண்ணீர் என் கண்ணை மறைத்தது. இவர்களுக்கா நான் இரக்கப்பட்டேன்?

அன்று சாயந்திரமே பன்னிரண்டு நாள் தாள்களையும் புதிதாக எழுதினேன். திங்கட்கிழமை எஞ்சினியர் சேர் ஜீப்பிலிருந்து இறங்கியதும், ஆட்கள் கேட்கும்படி, அவர் எதிரே போய் நின்றேன். எல்லார் முன்னாலும் பொய் எழுதியவன் எல்லார் முன்னாலும்தான் திருத்த வேண்டும் என்று இரவெல்லாம் மனப்பாடம் செய்திருந்தேன்.

"சேர், நான் குடுத்த தாள் பொய். எழுதினது நான்தான். இவங்களுக்குத் தெரியாது. இதுதான் சரியான தாள். இவங்க மெதுவானவங்க இல்ல. மணித்தியாலம்தான் இல்ல."

அவர் ஜீப்பின் முகப்பில் தாளை விரித்து, பேனாவை எடுத்து, தானே வகுத்துப் பார்த்தார். ஐந்தரை மணித்தியாலத்தில் எட்டு மீற்றர். எட்டு மணித்தியாலம் கிடைத்திருந்தால் பதினொன்றுக்கு மேலே போயிருக்கும். திட்டத்தில் இருந்ததோ பத்து.

"நான் பொய்ய நம்பி முடிவெடுத்திருக்கேன்" என்றார். கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். "உங்க நல்ல மனசால இந்த ஆட்களையும் இழந்து, தண்ணியையும் இழந்திருப்பேன். எச்சரிக்கைக் கடிதம் வரும். வாங்கிக்குங்க."

"வாங்கிக்கிறேன் சேர்."

குருநாகல் குழுவை நிறுத்தினார். அன்று ஊர் விருந்தினர் விடுதியில் தங்கி, மறுநாள் காலை ஆறரைக்கு எங்கள் வரிசையின் கடைசியில் வந்து நின்றார். எட்டே முக்கால் வரைக்கும் நின்றார். அதற்குப் பிறகு சார்ஜனோடு பேசினார். சோமபால ஒரு வழி சொன்னார். ஆட்கள் மாலையில் திரும்பும்போதே அட்டைகளைப் பார்த்து மறுநாளைக்கான பட்டியலை எழுதி வைத்துவிடுவது, காலையில் தலையை மட்டும் எண்ணிவிடுவது. சார்ஜன் ஒத்துக்கொண்டார். ஏழே முக்காலுக்கு மண்வெட்டி கைக்கு வந்தது. மிஸ் உண்மையான ஏழு மணித்தியாலத்தைப் போட்டுப் பார்த்தார். அப்போதும் பெட்டி போதாது என்றது. இன்னும் நான்கு ஆட்கள் வேண்டும் என்றது. பெருமாள் அண்ணனே தோட்டத்திலிருந்து நாலு பேரைக் கூட்டிவந்தார். முதலிலேயே உண்மையை எழுதியிருந்தால் இந்த நாலு பேரும் முதல் வாரமே வந்திருப்பார்கள்.

நாளொன்றுக்குப் பதின்மூன்று மீற்றர் போட்டார்கள். கடைசி நாள் மதியத்துக்குள் வேலை முடிந்தது. ஒரு வாரம் இறுகியது. சொன்ன நாளில் தண்ணீர் வந்தது. சோமபால தோளில் கிடந்த துவக்கைக் கரையில் சாய்த்து வைத்துவிட்டு, வாய்க்காலோடு வயல்வரைக்கும் தண்ணீருக்கு முன்னால் நடந்து போனார்.

எச்சரிக்கைக் கடிதமும் வந்தது. என் கோப்பில் இன்னும் இருக்கிறது. பார்க்க விரும்புகிறவர்கள் மிஸ்ஸிடம் கேளுங்கள்.

அந்த வேலைக்குப் பிறகு மிஸ் எல்லாத் திட்டத்திலும் 'காத்திருப்பு' என்று ஒரு வரி சேர்த்தார். சாவடி, ஊரடங்கு, வராத பஸ், எல்லாம் அதில் போகும். இந்த வருடம் யுத்தம் முடிந்தது. புதிய திட்டங்களில் அந்த வரியை நீங்கள் எடுத்துவிட்டதாகக் கேள்விப்பட்டேன். திரும்பப் போடுங்கள். பூச்சியம் என்றாவது போடுங்கள். மனிதனுடைய நேரத்தை யாராவது எடுத்துக்கொண்டுதான் இருப்பார்கள். அது மழையாக இருக்கலாம், லொறியாக இருக்கலாம், உங்கள் ஒபிஸாகக்கூட இருக்கலாம். அதற்கு ஓர் இடம் இல்லாவிட்டால், அது உழைப்பவனுடைய கையிலிருந்துதான் கழிபடும். இரக்கப்பட்டு எண்ணைக் கூட்டாதீர்கள். இரக்கம் வந்தால் எழுந்துபோய் யாரிடம் பேச வேண்டுமோ அவரிடம் பேசுங்கள். என்னாலேயே முடிந்தது.

வில்கமுவவில் கடைசி நாள், பெருமாள் அண்ணன் கை கழுவிக்கொண்டு வந்து என் தாளை எட்டிப் பார்த்தார். அவருக்கு எண்கள் மட்டும் வாசிக்கத் தெரியும்.

"இன்னைக்கு எனக்கு எவ்வளவு போட்டீங்க?"

"நாலே கால். மதியத்தோட முடிஞ்சிருச்சில்ல."

"மதியத்துக்கு அப்புறம் கொங்கிரீட்டுக்கு அடிச்ச பலகை கழட்டினேனே, முக்கா மணித்தியாலம்?"

அடித்துவிட்டு ஐந்து என்று எழுதினேன். அவர் தாளை வாங்கி, வெயிலில் பிடித்துப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தார். "இது என்னோடது" என்றார்.

இதை எழுதத் தொடங்கியது காலை ஒன்பதே கால். முடித்தது பிற்பகல் மூன்றே முக்கால். நடுவில் சாப்பாடும் தேநீரும் ஒரு மணித்தியாலம். செலவான நேரம் ஐந்தரை மணித்தியாலம்.

மாத்தளை,
2009 ஓகஸ்ட் 16, ஞாயிற்றுக்கிழமை.